துறைமுகத்தின் தோம்பில் யார் பெயர்?

ஒரு நகரத்தின் நூதனசாலையில் அந்நகரத்து மக்கள் தம்மைக் காண்கிறார்களா என்பதே, அந்த நூதனசாலையை மதிப்பிட நாம் கைக்கொள்ள வேண்டிய முதல் அளவுகோல். கட்டிடத்தின் பழமையும், பொருள்களின் அருமையும், விளக்கொளியின் நேர்த்தியும் அதற்குப் பின்னரே வரும். இந்த அளவுகோலைக் கொண்டு திருகோணமலைத் துறைமுகப் பகுதியை நோக்குவோமானால், கலைக் கண்காட்சி பற்றிய பேச்சு ஓய்வுநேரப் பேச்சாக நின்றுவிடாது. யாருடைய நினைவு வரலாறாகிறது, யாருடைய நினைவு அவரவர் வீட்டு மூலையிலேயே மடிந்து போகிறது என்ற கேள்வியாக அது உருவெடுக்கும்.

திருகோணமலையின் வரலாறு வழக்கமாக எவ்வாறு சொல்லப்படுகிறது? 1622 இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தனர். இடித்த கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். 1639 இல் ஒல்லாந்தர் வந்தனர். 1672 இல் பிரெஞ்சுக்காரர் எட்டிப் பார்த்தனர். 1782 என்ற ஒரே ஆண்டில் ஆங்கிலேயர் துறைமுகத்தைக் கைப்பற்ற, சில மாதங்களில் பிரெஞ்சுக்காரர் அதைப் பறித்தனர். 1795 இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்து நிலைகொண்டனர். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. 1957 அக்டோபரில் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. 2022 ஜனவரியில் சீனக்குடாவின் 99 எண்ணெய்க் குதங்கள் பங்கிடப்பட்டன: 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளைக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரின் கூட்டு நிறுவனத்துக்கு.

இந்த வாக்கியங்களின் எழுவாய்களைக் கவனியுங்கள். அரசுகள், கம்பனிகள், படைகள். கப்பலுக்குக் கரி சுமந்தவன் இவற்றில் இல்லை. தளத்தில் இரும்பு காய்ச்சியவன் இல்லை. கொட்டியாரக் குடாவில் வலை வீசியவன் இல்லை. கிண்ணியாவிலிருந்து தோணியேறி வந்து சந்தையில் கூடை விரித்தவள் இல்லை. வல்லரசுகள் மாறிமாறி வந்த நாட்களிலெல்லாம் இத்துறைமுகத்தை இயக்கிய கைகள் இவர்களுடையவை. ஆயினும் செயப்படுபொருளாகக்கூட இவர்களை அந்த இலக்கணம் ஏற்கவில்லை.

இன்று துறைமுகப் பகுதியில் உள்ள நூதனசாலைகளும் பெரும்பாலும் இதே இலக்கணத்தையே பின்பற்றுகின்றன. ஒல்லாந்துக் கடற்படை ஆணையாளரின் இல்லமாயிருந்த கட்டிடம், போர் முடிந்த பின்னர் ஒல்லாந்து நாட்டின் உதவியுடன் செப்பனிடப்பட்டு, கடல்சார் வரலாற்று நூதனசாலையாக மாறியது. அகன்ற விறாந்தையும் உயர்ந்த தூண்களும் கொண்ட அழகிய கட்டிடம் அது. அதைக் காப்பாற்றியது நற்செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே விரித்துரைக்கப்படுவது ஐரோப்பியக் கொடிகள் ஏறி இறங்கிய கதையும், கடல்வாழ் உயிரினங்களின் வகையுமே. ஓஸ்டன்பேர்க் முனையில், கடற்படைத் தளத்தின் எல்லைக்குள் அமைந்த ஹூட் கோபுர நூதனசாலையோ பீரங்கிகளுக்கும் படைக்கலங்களுக்கும் உரியது. கொடிக்கும் இடமுண்டு, மீனுக்கும் இடமுண்டு, பீரங்கிக்கும் இடமுண்டு. மீனைப் பிடித்தவனுக்கு எங்கே இடம்?

இதில் ஒரு கசப்பான வேடிக்கையும் உண்டு. 1817 இல் பம்பாயில், வாடியா குடும்பத்தாரின் தலைமையில் இந்தியத் தச்சர்கள் தேக்கு மரத்தால் ஒரு போர்க்கப்பலைக் கட்டினர். பிரித்தானியக் கடற்படை அதற்குத் 'திருகோணமலை' எனப் பெயரிட்டது. இன்று அக்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் செப்பமாகப் பேணப்பட்டு, பார்வையாளரை வரவேற்கிறது. ஊரின் பெயருக்கு அங்கே ஒரு நூதனசாலை கிடைத்துவிட்டது. ஊரின் உழைப்புக்கு இங்கே ஒரு சுவராவது கிடைக்க வேண்டாமா?

அந்தச் சுவரில் எதை மாட்டுவது என்ற இடத்தில்தான் கலை விமர்சனம் தொடங்குகிறது. துறைமுகத்தைச் சித்திரிக்கும் மரபு ஒன்று நமக்கு ஏற்கெனவே கையளிக்கப்பட்டிருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சி வேரூன்றிய காலத்தில், சாமுவேல் டானியல் என்ற ஓவியர் 1808 இல் இலங்கையின் இயற்கைக் காட்சிகள், விலங்குகள், சுதேசிகள் பற்றிய ஒரு படத்தொகுதியை வெளியிட்டார். அவருடைய கைத்திறனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அத்தகைய தொகுதிகளின் தலைப்பே அவற்றின் பார்வையைக் காட்டிக்கொடுக்கிறது: காட்சி, விலங்கு, சுதேசி என்ற மூன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன. மனிதன் அங்கே நிலக்காட்சியின் அளவைக் காட்டுவதற்காக வைக்கப்பட்ட ஒரு புள்ளி. அவன் செய்யும் வேலை காட்சிக்கு அழகூட்டும். அந்த வேலையின் பாரம் பார்ப்பவன் தோளில் ஏறாது.

இம்மரபு ஆங்கிலேயருடன் கப்பலேறிப் போய்விட்டதென்று எண்ண வேண்டாம். பள்ளிக்கூடச் சித்திரப் போட்டிகளில் இன்றும் பரிசு பெறுவது எது? உதயசூரியன், சாய்ந்த தென்னை, கரையில் ஒரு வெறும் வள்ளம். வள்ளத்துக்கு உரியவன் எங்கே போனான் என்று எந்த நடுவரும் கேட்பதில்லை. கரைவலை இழுக்கும் சம்மாட்டியின் ஆட்கள் இருபது பேர் ஒரே கயிற்றில் சாய்ந்து நிற்கும் காட்சியைவிட உறுதியான அமைப்பு ஓர் ஓவியனுக்கு எங்கே கிடைக்கும்? அம்பாப் பாட்டின் தாளத்துக்கேற்ப உடல்கள் வளைந்து நிமிரும் அந்தக் கோட்டைக் கடற்கரைப் பிள்ளைகள் நாள்தோறும் காண்கிறார்கள். வகுப்பறைக்குள் வந்ததும் அதை மறந்துவிடுமாறு நாம் அவர்களுக்குக் கற்பிக்கிறோம். ஆசிரிய நண்பர்கள் இதைச் சற்று ஆழமாகச் சிந்திக்க வேண்டும்.

நவீன ஓவியம் இந்நிலையை மாற்றியதா? 1943 இல் கொழும்பில் லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தரணியகல, ஐவன் பீரிஸ் முதலியோர் கூடி அமைத்த '43 குழு', குடியேற்ற ஆட்சியின் கலைக்கூட விதிகளைத் தகர்த்தது. இலங்கை ஓவியத்துக்கு அது செய்த தொண்டு பெரிது. ஆயினும் அப்புரட்சி கோட்டிலும் வர்ணத்திலும் நிகழ்ந்த அளவுக்குப் பார்வையாளர் வட்டத்தில் நிகழவில்லை. கொழும்பின் கற்ற மேல்தட்டினரே அதன் பிரதான இரசிகர்கள். 2019 டிசம்பரில் கொழும்பில் சர்மினி பெரெய்ராவின் முயற்சியால் திறக்கப்பட்ட நவீன, சமகாலக் கலை நூதனசாலை, மூன்று மொழிகளிலும் மக்களோடு பேச முனைந்தது. சுதந்திரத்துக்குப் பிந்திய காலத்தின் காயங்களைத் தன் முதற் கண்காட்சியிலேயே முன்வைத்தது. இது வரவேற்கத்தக்க வளர்ச்சி. எனினும் தலைநகரில் ஒரு கதவு திறந்தால் துறைமுகத்தில் வெளிச்சம் வந்துவிடாது.

இங்கேதான் யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனின் இரு ஆக்கங்களை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். 2004 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நடைபெற்ற 'அகம் புறம்' கண்காட்சியில், போரின் நடுவே வாழ்ந்த சாதாரண வீடுகளிலிருந்து மக்கள் தந்த பொருள்களைக் கொண்டு அவர் ஒரு காட்சியமைப்பைப் படைத்தார். 1981 இல் தீக்கிரையான அதே நூலகம் அது என்பதை மறக்கக்கூடாது. எரிந்த ஏடுகளின் இடத்தில் எரியாமல் எஞ்சிய பொருள்கள் வந்து நின்றன. சந்தையில் விலைபோகாத ஒரு பொருள், அதை வைத்திருந்தவரின் வாழ்வோடு சேர்த்துப் பார்க்கப்படும்போது அரும்பொருளாகிறது என்ற உண்மையை அந்த ஆக்கம் நிலைநாட்டியது.

இரண்டாவது, 2011 இல் வெளிவந்த 'முற்றுப்பெறாத தோம்பு' என்ற பொருள்படும் தலைப்புடைய நூல். தோம்பு என்பது என்ன? ஒல்லாந்தர் காலத்து நிலப்பதிவேடும் குடிப்பதிவேடும் அது. யாரிடம் எவ்வளவு நிலம், யாரிடம் எவ்வளவு வரி, யாரிடம் எத்தனை நாள் ஊழியம் வாங்கலாம் என்று அறிவதற்காக ஆள்வோர் எழுதிவைத்த கணக்கு. சனாதனன் அந்தச் சொல்லை எடுத்துத் தலைகீழாக்கினார். போரினால் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களை, இழந்துபோன தங்கள் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் செய்தார். அதனை ஒரு கட்டிடக் கலைஞரின் அளவுப்படமும், ஓவியரின் சொந்தச் சித்திரமும் தொடர்ந்தன. அரசாங்கக் கோப்பின் வடிவில், அரசாங்கம் எழுதாத பதிவேடு உருவாயிற்று.

இதன் சிறப்பு இரக்கத்தில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. வீட்டை இழந்தவரின் அழுத முகத்தை வரைவது எளிது. அதைப் பார்ப்பவரும் எளிதில் கண்ணீர் விட்டுவிட்டு எளிதில் மறந்துவிடுவார். ஆனால் நடுங்கும் கையால் இழுத்த ஒரு கோட்டில் கிணறு இங்கே, மாமரம் இங்கே, சுவாமி அறை இங்கே என்று குறிக்கப்படும்போது, இழப்பு ஓர் உரிமைக் கோரிக்கையாகிறது. உறுதி இல்லாதவனின் உறுதிப் பத்திரம் அது. சமூக நோக்குள்ள கலை கோஷமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கும் நம் நண்பர்களும், சமூக நோக்கு வந்தால் கலை கெட்டுவிடும் என்று அஞ்சும் அழகியல் அன்பர்களும் இந்த ஆக்கத்தைச் சேர்ந்து படிப்பது நல்லது. இரு சாராரின் வாதத்துக்கும் அதில் மறுமொழி இருக்கிறது.

அதன் எல்லையையும் சொல்லத்தான் வேண்டும். ஓவியர் நூல் அறிவுலகில் உலவுகிறது. கோடு வரைந்தவர்களின் தெருவுக்கு அது எளிதாகத் திரும்புவதில்லை. மக்களிடமிருந்து பெற்றதை மக்களிடம் சேர்ப்பிக்கும் இடம் ஒன்று வேண்டும். சிறு நூதனசாலையின் பணி அதுவே.

வெளியுலகில் இதற்கு ஒரு துறைமுக நகரமே சான்று தருகிறது. தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் 'ஆறாம் வட்டாரம்' என்ற தொழிலாளர் குடியிருப்பை, 1966 இல் வெள்ளையருக்கு மட்டும் உரியதென்று இனவெறி அரசு பிரகடனம் செய்தது. ஏறத்தாழ 60,000 மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1994 இல் அங்குள்ள ஒரு பழைய தேவாலயத்தில் அம்மக்களே தங்கள் நூதனசாலையைத் திறந்தனர். அதன் தரையில் விரிக்கப்பட்ட பெரிய வரைபடத்தில், ஒவ்வொருவரும் தாம் வாழ்ந்த தெருவைத் தேடித் தம் பெயரை எழுதினர். அரசு இடித்த தெருவை மக்கள் எழுத்து மீட்டது. அந்நினைவு பின்னர் நிலத்தை மீளக் கோரும் போராட்டத்துக்கும் துணைநின்றது.

திருகோணமலையில் இப்பணி மேலும் சிக்கலானது என்பதை நாம் அறிவோம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற மூன்று மக்களும் வாழும் மாவட்டம் இது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் எவரும் பாதியை எட்டவில்லை. 2004 டிசம்பரின் ஆழிப்பேரலை இனம் பார்த்து வரவில்லை. 2006 ஜனவரியில் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஏப்ரலில் சந்தையில் குண்டு வெடித்துச் சாதாரண மக்கள் மாண்டனர். அதைத் தொடர்ந்து தமிழர் தாக்கப்பட்டனர். ஓகஸ்டில் மூதூரிலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் ஓடின. அங்கே பிரெஞ்சு உதவி நிறுவனம் ஒன்றின் ஊழியர் பதினேழு பேர் கொல்லப்பட்டனர். ஒருவரின் துயரை மட்டும் சுவரில் மாட்டி, மற்றவரின் துயரைப் பின்கட்டில் போடும் நூதனசாலை புதிய சண்டைக்கே விதை ஊன்றும். எல்லார் துயரையும் ஒரே நிறத்தில் பூசி, குற்றம் செய்தவரையும் துன்புற்றவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவதும் நீதியாகாது. நல்லிணக்கம் என்ற பெயரில் உண்மையை மழுக்கும் கண்காட்சிகளைப் போருக்குப் பின் நாம் போதிய அளவு கண்டுவிட்டோம். திட்டத்துக்குப் பணம் வந்தால் திறப்பதும், பணம் நின்றால் சுருட்டிக் கட்டுவதும் அவற்றின் இயல்பு. தம் கதையைத் தந்த தாய்க்கு மிஞ்சுவது திறப்புவிழாப் புகைப்படம் ஒன்றுதான்.

அப்படியாயின் எங்கே தொடங்குவது? இந்நகரத்து மக்களுக்கு இது புதிதன்று. 1950 இல் நகரசபையினர் கிணறு வெட்டியபோது, மண்ணுக்குள் புதைந்திருந்த கோணேசர் கோயிலின் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவை ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டு, 1963 இல் புதுப்பிக்கப்பட்ட கோயிலில் எழுந்தருளின. பக்தி என்ற ஒரே சொல்லால் இதை விளக்கி முடித்துவிட முடியாது. இழந்த ஒன்று மீண்டபோது அதைத் தெருவுக்குக் கொண்டுவந்து எல்லோரும் காணச் செய்ய வேண்டும் என்ற உணர்வு அதில் இருந்தது. காண வருபவரை எதிர்பார்த்துப் பொருள் காத்திருக்கவில்லை. பொருளே மக்களைத் தேடிச் சென்றது. கண்காட்சி பற்றிய மிக முன்னேறிய கொள்கை ஒன்று இதில் அடங்கியிருக்கிறது.

ஆகவே பெரிய மாளிகை வேண்டுமென்று காத்திருக்கத் தேவையில்லை. வாசிகசாலை மண்டபம், பாடசாலையின் நீண்ட அறை, மீனவர் சங்கக் கொட்டகை ஆகியவற்றில் ஒன்று போதும். தளத்தில் வேலை செய்த பாட்டனின் அடையாள அட்டை, மூதூர்ப் பெண் இழைத்த பன்பாய், இடம்பெயர்ந்தபோது கையில் தூக்கிய திறப்புக் கோர்வை ஆகியவற்றை மாணவர்கள் உரியவரின் சம்மதத்தோடு சேகரிக்கட்டும். அவற்றோடு இளம் ஓவியர்கள் தம் படங்களை வைக்கட்டும். பொருளின் கீழே தமிழிலும் சிங்களத்திலும் அதன் உரியவர் சொன்ன சொற்களே இருக்கட்டும். வேலை முடிந்து வருபவருக்காக மாலை வேளையில் கதவு திறந்திருக்கட்டும். பகல் பத்து மணிக்குத் திறந்து நான்கு மணிக்குப் பூட்டும் நூதனசாலை, உழைப்பவனை வாசலிலேயே திருப்பியனுப்புகிறது. பொருள் தந்தவர்களும், கண்காட்சியை நடத்தும் குழுவில் வாக்குரிமையுடன் அமரட்டும். இந்தக் கடைசி நிபந்தனை இல்லாவிட்டால் மற்றவை யாவும் வீண்.

ஒல்லாந்தர் எழுதிய தோம்பில் குடிமக்களின் பெயர்கள் இருந்தன. ஆனால் அவை வரிக்காகவும் ஊழியத்துக்காகவும் எழுதப்பட்ட பெயர்கள். இன்றைய ஒப்பந்தங்களில் எண்ணெய்க் குதங்களுக்கு எண் உண்டு. அவற்றின் நிழலில் வாழ்வோருக்குப் பெயர் இல்லை. திருகோணமலை மக்கள் தம் தோம்பைத் தாமே, தம் கையெழுத்தில், தம் கோட்டில், மூன்று மக்களின் குரலில் எழுதத் தொடங்க வேண்டும். அதற்கு முதல் ஏட்டை விரித்துக் கொடுக்கும் கடமை ஆசிரியருக்கும் மாணவருக்கும் உரியது.