பாத்திரத்தின் பாவமும் படைத்தோன் பெயரும்

பாத்திரத்தின் இழிசெயலைப் படைத்தோன் மீது ஏற்றியுரைக்கும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. அதனால் விளையும் கேட்டுக்குத் தொஸ்தோயெவ்ஸ்கிக்கு நேர்ந்தது தக்க சான்றாகும்.

1871-72இல் தொடராக வெளிவந்த 'பேய்கள்' நாவலுக்கென அவர் எழுதிய அதிகாரம் ஒன்றில், ஸ்தவ்ரோகின் தன் குற்றத்தை எழுதி, மடத்தில் வாழும் தீகன் என்னும் ஆயரிடம் கொடுக்கின்றான். சிறுமியொருத்தியைக் கெடுத்ததையும், அவள் தூக்கிட்டுக்கொள்வாள் என உணர்ந்தும் கடிகாரத்தைப் பார்த்தவாறு காத்திருந்ததையும் அதிற் கூறுகின்றான். இதழாசிரியர் கட்கோவ் வெளியிட மறுத்தார். அவ்வதிகாரம் முழுமையாக அச்சேறியது 1922இலேயாம்.

தொஸ்தோயெவ்ஸ்கி 1881இல் மறைந்தார். அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஸ்திராகோவ், 1883இல் தோல்ஸ்தோய்க்கு வரைந்த கடிதத்தில், அத்தகைய குற்றம் ஆசிரியருடையதே என்னும் பழியை எழுதிவைத்தார். அவருக்குக் கிடைத்ததோ பிறர் வாய்க்கேட்ட செய்தி. எஞ்சியதற்கு நாவல்களையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார். 1913இல் கடிதம் வெளியாகவே, அதனை மறுத்துரைக்கும் சுமை முதுமையெய்திய மனைவி அன்னாவின் மேல் விழுந்தது.

அந்த அதிகாரத்தை ஊன்றிப் படிப்போர்க்கு வேறொன்று புலப்படும். குற்றத்தைக் கேட்டு நடுங்கும் தீகன், ஏட்டின் நடையிலே சில திருத்தங்கள் செய்யலாகாதா என வினவுகின்றார்! முதலில் இது விந்தையாகத் தோன்றும். ஆயின் ஒப்புதல் வாக்குமூலத்துள் ஒளிந்திருக்கும் செருக்கை அவர் கண்டுகொண்டார். உலகம் தன்னை வெறுப்பதை ஸ்தவ்ரோகின் தாங்குவான். நகைப்பதைத் தாங்கான் என்பதையும் அவர் அறிவார். இவ்வாறு, குற்றவாளியின் குரலைச் சோதிக்கும் வாசகனொருவனை ஆசிரியர் நூலினுள்ளேயே அமர்த்திவிட்டார். ஸ்திராகோவ் தீகனைக் கண்டுகொள்ளவில்லை.

அகப்பாட்டைக் கையிலெடுத்ததும் கூற்று யாருடையது என வினவும் மரபினர் நாம். தலைவி கூற்றாகப் பாடிய கபிலரை எவரும் தலைவியென மயங்கியதில்லை. நாவல் என்றதும் அவ்வறிவு எங்கே மறைந்துவிடுகின்றதோ!

இதனால் தொஸ்தோயெவ்ஸ்கியை அப்பழுக்கற்றவராக்குதல் எம் நோக்கமன்று. 1877இல் 'எழுத்தாளன் நாட்குறிப்பு' இதழிலே யூதர் குறித்து அவர் எழுதிய பகை தோய்ந்த பக்கங்கள் உள. அங்கே ஸ்தவ்ரோகினும் இல்லை, தீகனும் இல்லை. தன் பெயரில், தன் குரலில் அவரே பேசுகின்றார்.