அடித்துவிடும் விடை

எறிபொருள் கணக்குகளுக்கு இருபடிச் சமன்பாடு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? 10 மீட்டர் உயர மொட்டைமாடி விளிம்பிலிருந்து, நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஒரு பந்தை நேர்மேலே எறிவதாகக் கொள்வோம். ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்தால், பந்து தரையைத் தொடும் நேரத்துக்கு இரண்டு விடைகள் வருகின்றன: 2 நொடி, –1 நொடி. பந்தைச் சாய்வாக எறிந்தாலும், மேல்நோக்கிய வேகம் அதே 5 என்றால் விடை மாறாது.

'நேரம் குறை எண்ணாக இருக்காது' என்று எழுதி இரண்டாம் விடையை அடித்துவிடுவதுதான் வழக்கம். அந்தக் காரணம் தவறு. எறிவதற்கு 1 நொடி முன்பு, தரையிலிருந்து 15 மீட்டர் வேகத்தில் ஒரு பந்து கிளம்பியிருந்தால், மாடி விளிம்பைக் கடக்கும்போது அதற்குச் சரியாக 5 மீட்டர் வேகம்தான் மிஞ்சியிருக்கும். சமன்பாடு அந்தப் பாதை முழுவதையும் சொல்கிறது. நம் பந்து பயணம் செய்தது அதில் ஒரு பகுதி மட்டுமே. விடையைத் தள்ளுவதற்கு அதுதான் காரணம். பந்து 12 மீட்டரை எட்டுமா என்று கேட்டால் தன்மைகாட்டி –15 என்கிறது, எட்டாது. உச்சமே 11.25 மீட்டர்தான். இவ்வளவு தெளிவாகப் பேசும் கருவி பள்ளிக் கணிதத்தில் வேறு இல்லை என்பேன்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. எறிபொருளின் பாதை பரவளையம் என்று 1638-ல் எழுதிய கலிலியோவே, காற்று அதைக் குலைக்கும் என்பதை ஒப்புக்கொண்டார். எவ்வளவு குலைக்கும் என்பதைக் குண்டுகளை ஊசலில் சுட்டு அளந்து 1742-ல் காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ். (பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக வந்த அவர், 1751-ல் கடலூர் புனித டேவிட் கோட்டையில் இறந்தார்.) பீரங்கிக் குண்டு வரைக்கும் போகவேண்டியதில்லை. நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் பறக்கும் கிரிக்கெட் பந்தின் மீது காற்றுத்தடை ஏறக்குறைய அதன் எடை அளவுக்கே இருக்கும். 45 பாகையில் அடித்தால் சமன்பாடு 160 மீட்டர் என்கிறது. உண்மைப் பந்து அதற்கு வெகு முன்னரே விழுந்துவிடும்.

மாடியிலிருந்து விழும் பந்துக்கு இந்த முறையை முழுதாக நம்பலாம், சிக்ஸருக்கு நம்பக்கூடாது. ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: காற்றுத்தடை ஏன் விடப்பட்டது, இரண்டாம் விடை ஏன் தள்ளப்பட்டது என்ற இரண்டு கேள்விகளுக்கும் மதிப்பெண் வையுங்கள்.