கல்லும் உடைமையும்: குளொஸ்டர் பேராலயம் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

திருகோணமலை நகரின் புறத்தே அமைந்த அன்புவழிபுரத்திலிருந்து கோட்டைக்கு வருபவர், அதன் வாயிற் கற்களிலே இரட்டைக் கயல் இலச்சினையையும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டொன்றையும் காணலாம். போர்த்துக்கேயர் 1620களிற் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே 1624இல் இக்கோட்டையை எழுப்பினர். பின்னர் அது ஒல்லாந்தர் கைக்கும் ஆங்கிலேயர் கைக்கும் மாறியது. 1803இல் பிரெடெரிக் கோட்டை எனப் பெயர் பெற்றது. இங்கே கல் எஞ்சியது. கோயிலின் உருவம் மறைந்தது. இதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரிலே மறுதலையான ஒரு நிகழ்ச்சி நடந்தது. துறவியர் மடத்துக் கோயிலொன்றை அரசு கைப்பற்றி ஆயரின் பேராலயமாக்கியது. அங்கே உருவம் எஞ்சியது, உடைமை மாறியது. ஒரு கட்டடத்தின் உருவத்துக்கும் அதனைத் தாங்கிநின்ற சமூக உறவுகளுக்கும் உள்ள தொடர்பு யாது என்னும் வினாவை இவ்விரு நிகழ்ச்சிகளும் நம்முன் வைக்கின்றன. குளொஸ்டர் பேராலயத்தைச் சான்றாகக் கொண்டு அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டடக்கலை பற்றி நம்மிடையே வழங்கும் எழுத்துக்களில் இரு போக்குகளைக் காண்கிறோம். கோயிலை மன்னனின் பெருமையாகவும் இனத்தின் ஆன்மிகச் சிறப்பாகவும் போற்றுவது ஒன்று. ஆளும் வர்க்கத்தின் சுரண்டற் கருவி எனக் கூறி அத்துடன் அமைவது மற்றொன்று. பின்னையது முற்போக்காளர் சிலரிடமும் உண்டு. முதற்போக்கு உழைப்பை மறைக்கிறது. இரண்டாவது உருவத்தை மறைக்கிறது. இரண்டுமே கட்டடத்தை உற்றுநோக்குவதில்லை என்பதில் ஒன்றுபடுகின்றன.

தமிழ்நாட்டினரும் ஈழத்தவரும் கோதிக் பாணி எனக் கண்டு பழகியவை பெரும்பாலும் குடியேற்ற ஆட்சியின் பிற்காலத்தில் எழுந்த போன்மைகளேயாம். மயிலாப்பூர்ச் சாந்தோம் பேராலயம் இன்றைய கோதிக் வடிவைப் பெற்றது 1896இலேயே. ஆனால் இப்பாணியின் பிறப்பிடம் ஆயரின் நகரக் கோயிலன்று, துறவியர் மடமாகும். பாரிஸ் நகருக்கு அணித்தேயுள்ள சென் தெனி மடத்தின் அதிபர் சுஜே கட்டுவித்து 1144இல் நேர்ந்தளிக்கப்பட்ட பாடகர் மண்டபமே கோதிக் கலையின் தொடக்கம் எனப் பெரும்பாலோர் கொள்வர். அம்மடக்கோயில் பேராலயம் என்னும் தகுதியைப் பெற்றதோ 1966இலேதான். எனவே மடத்தின் வரலாற்றை விடுத்துக் கோதிக் கலையின் வரலாற்றைக் கூறுதல் இயலாது.

குளொஸ்டர் மடம் ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. நோர்மன் படையெடுப்பின் பின்னர், 1072இல், செர்லோ என்பவரை முதலாம் வில்லியம் அதன் அதிபராக நியமித்தான். அப்போது இரு துறவிகளும் எட்டுச் சிறுவர்களுமே அங்கிருந்தனர் என மடத்து வரலாற்றேடு கூறுகிறது. புனித பெனடிக்ற்றின் ஒழுங்கைப் பின்பற்றிய இம்மடம் விரைவிலே பெரும் நிலவுடைமை நிறுவனமாயிற்று. 1089இல் தொடங்கிய புதிய கோயில் 1100இல் நேர்ந்தளிக்கப்பட்டது. அதன் நடுமண்டபத்தில் இன்றும் நிற்கும் பருத்த உருளைத் தூண்கள், வெற்றி பெற்ற நிலமானிய வர்க்கம் தன் நிலைபேற்றைக் கல்லிற் பொறித்த முறைமையைக் காட்டுகின்றன.

அந்நடுமண்டபத்தின் மேல்வளைவு 1242இல் நிறைவுற்றது. முன்போலத் தொழிலாளரின் உதவியாலன்றித் துறவியர் தம் கைகளாலேயே அதனை முடித்தனர் என மேற்குறித்த ஏடு பெருமையோடு பதிவு செய்கிறது. இக்குறிப்பு ஈண்டு ஆழ்ந்து நோக்கத்தக்கது. துறவியரின் உழைப்பு செய்தியாகிறது. ஏனெனில் அது விதிவிலக்கு. விதியாக இருந்த தொழிலாளரின் உழைப்போ ‘முன்போல’ என்னும் குறிப்பினுள் அடங்கிவிடுகிறது. பெயரற்ற கற்றச்சர் ஏட்டிலே இடம்பெறும் முறை இதுவே. ஆலயங்களைப் பாடிய நம் இலக்கியங்களைப் படிக்கும்போதும் இத்தகைய மௌனங்களைத் தேடிப் படிக்கும் பயிற்சி நமக்கு வேண்டும்.

குளொஸ்டரின் கலைச்சிறப்புக்குக் காரணமான திருப்பம் பதினான்காம் நூற்றாண்டில் நேர்ந்தது. அரசுரிமை பறிக்கப்பட்ட இரண்டாம் எட்வேட் 1327இல் அருகிலிருந்த பார்க்லிக் கோட்டையில் இறந்தான். கொல்லப்பட்டான் என்பதே பொதுவான கருத்து. அவனுடல் இம்மடத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது. கல்லறையை நாடிவந்த யாத்திரிகரின் காணிக்கையே புதிய கட்டடப் பணிக்கு வழிசெய்தது என மடத்து ஏடு கூறும். வாழுங்காலத்தில் வெறுக்கப்பட்ட மன்னன் இறந்தபின் போற்றப்பட்டது வியப்பன்று. வீழ்த்தப்பட்டவனின் மகனே அரியணையில் இருந்தான். முடியின் புனிதம் மீளநாட்டப்படுதல் அவனுக்குத் தேவையாயிற்று. எளிய மக்களின் காசும் அரசின் தேவையும் ஒரே கல்லறையிற் சந்தித்தன.

எனினும் இவ்விளக்கத்தோடு நின்றுவிடுவோமாயின் நாமும் இயந்திரப் பாங்கான முடிவுக்கே வந்தவராவோம். காணிக்கை கட்டடம் எழுந்தமைக்குக் காரணமாகலாம். அது அவ்வுருவில் எழுந்தமைக்குக் காரணமாகாது. 1331இற்கும் 1336இற்கும் இடையில் தென்சிறகிலே தொடங்கிப் பின்னர்ப் பாடகர் மண்டபத்திற் பரவிய வேலைப்பாடு ‘செங்குத்துப் பாணி’ என வழங்கும் இங்கிலாந்துக் கோதிக் முறையின் முதன்மையான எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகும். இலண்டனிலே அரசவைக் கற்றச்சர் கையாண்ட பரிசோதனைகளோடு இதற்குத் தொடர்புண்டு. இப்பாணியின் எளிமையான, மீண்டும் மீண்டும் வரும் கட்டங்களைக் கொள்ளைநோயாற் கைவினைஞர் அருகியமையின் விளைவு எனக் கூறுவாரும் உளர். ஆனால் அந்நோய் இங்கிலாந்தை அடைந்தது 1348இல். தென்சிறகு வேலையோ அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே முடிந்துவிட்டது. பொருளாதாரக் காரணத்தைத் தேடும் ஆர்வத்தில் காலவரிசையை மறத்தல் மார்க்சியமாகாது.

கற்றச்சர் செய்தது யாது? அவர்கள் நோர்மன் காலத்துத் தடித்த சுவர்களை முற்றாக இடித்துவிடவில்லை. அவற்றின்மீது மெல்லிய கற்சட்டங்களாலான வலையொன்றைப் போர்த்தினர், மேற்பகுதியை உயர்த்தினர். கூர்வளைவும் விலாவெலும்பு போன்ற தாங்கிகளும் கூரையின் சுமையைச் சில புள்ளிகளிற் குவித்துக் கீழே இறக்குவன. ஆதலாற் புதிதாக உயர்த்திய பகுதியிற் சுவரின் இடத்தைக் கண்ணாடி பெறமுடிந்தது. 1350 அளவில் அமைந்த கிழக்குச் சாளரம் ஏறத்தாழ 22 மீற்றர் உயரமும் 12 மீற்றர் அகலமும் உடையது. அதனை ஏந்தும் பக்கச்சுவர்கள் சற்றே புறம்விரிந்து அமைந்தமையால், சாளரம் மண்டபத்தினும் அகன்று நிற்கிறது. பழைய உடல் உள்ளே இருக்கப் புதிய தோற்றம் மேலே படர்ந்த இக்கோலம், தன் அடித்தளத்தை மாற்றாது புத்துருப் பெறமுயன்ற ஒரு சமூகத்தை நமக்கு நினைவூட்டுகிறது. ஆயின் இதனைக் கற்றச்சர் எண்ணிச் செய்தனர் என நாம் கூறவில்லை. கையிலிருந்த சுவரும், தெரிந்த நுட்பமும், பணியளித்தவரின் விருப்பமும் ஒன்றோடொன்று முரண்பட்டு இணைந்ததன் விளைவே அவ்வுருவம். கலையின் ஒப்பீட்டளவிலான சுயாதீனம் என்பது இதுவே.

அதே சாளரத்தில் வர்க்க ஒழுங்கும் தெளிவாகவே தீட்டப்பட்டுள்ளது. மேலே வானவரும் மரியன்னையின் முடிசூட்டும், நடுவே திருத்தூதரும் புனிதரும், கீழே ஆயரும் மடாதிபதியரும், அடியிலே பிரபுக்களின் கேடயங்களும் அமைந்துள்ளன. அவற்றுக்கெல்லாம் சோறிட்ட உழவனுக்கு அந்த ஒழுங்கில் இடமில்லை. கட்டடத்தின் தளவமைப்பும் அவ்வாறே. பாடகர் மண்டபம் துறவியருக்கு உரியது. பொதுமக்கள் இடைத்தட்டிக்கு இப்பால் நின்றனர். அவர்களின் காசு கடந்துசென்ற எல்லையை அவர்கள் கடக்க இயலவில்லை.

கொள்ளைநோயின் பின்னர் உழைப்பாளர் கூடிய கூலி கேட்டபோது, 1351ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கொத்தர், தச்சர் முதலியோரின் கூலிக்கு வரம்பிட்டது. அந்நூற்றாண்டின் பிற்பாதியிலேயே குளொஸ்டரின் சுற்று நடைமண்டபத்தில் விசிறி வடிவான வளைவுக்கூரை எழலாயிற்று. இன்று எஞ்சியுள்ள அவ்வகைக் கூரைகளுள் மிகப் பழையது அதுவே. அதன் தென்புறத்தில், துறவியர் அமர்ந்து படிப்பதற்கும் எழுதுவதற்குமாக இருபது சிறு மாடங்கள் வரிசையாக உள்ளன. சிலரின் ஓய்வும் கல்வியும் பலரின் உழைப்பிலே தங்கியிருந்தன என்பதை இதனினும் தெளிவாக விளக்குதல் அரிது. ஆனால் அக்கல்வியின் பயன் மனிதகுலத்துக்கு உரியதாயிற்று என்பதையும் நாம் மறுத்தலாகாது.

1540இல் மடம் கலைக்கப்பட்டது. 1541இல் எட்டாம் ஹென்றி அதனைப் பேராலயமாக்கினான். அக்காலத்தில் அந்த ஒரு மாவட்டத்திலேயே மூவகை முடிவுகளைக் காண்கிறோம். ஹெயில்ஸ் மடம் இடிக்கப்பட்டது. ரியூக்ஸ்பரி மடத்துக் கோயிலை நகரமக்கள் 453 பவுண் கொடுத்து வாங்கித் தம் பங்குக் கோயிலாக்கினர். குளொஸ்டர், அரசுக்கு அமைந்த புதிய ஆயர் ஆட்சியின் இருப்பிடமாகப் பிழைத்தது. அழகு இவற்றுள் எதனையும் காத்ததாகத் தெரியவில்லை, பயன்பாடே தீர்ப்பளித்தது. மடங்களின் நிலங்கள் பெருமளவில் அரசவையினர்க்கும் செல்வர்க்கும் சென்றன. குடியானவர் நிலமிழந்து கூலிகளான வரலாற்றில் இத்திருச்சபைச் சொத்துக் கொள்ளை வகித்த இடத்தை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற்பாகத்தில், ஆதித் திரட்டல் பற்றிய பகுதியில் விளக்கியுள்ளார். மடத்தின் வீழ்ச்சியை இருளின் முடிவாகமட்டும் கொள்வோர் அப்பகுதியை மீளப் படித்தல் நன்று.

ரியூக்ஸ்பரி மடக்கோயில் 1877இல் மீண்டும் வரலாற்றிற் குறுக்கிட்டது. அதனைப் ‘புதுப்பிக்கும்’ திட்டத்தை எதிர்த்து வில்லியம் மொறிஸ் எழுதிய கடிதமே பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் பிறப்புக்குக் காரணமாயிற்று. கோதிக் சிற்பத்திலே தொழிலாளியின் சுதந்திரத்தைக் கண்ட றஸ்கினின் வழிவந்த மொறிஸ், சில ஆண்டுகளிற் சோசலிசவாதியானார். கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி அதே குளொஸ்டர் மாவட்டத்தின் புறோட் கம்டன் என்னும் ஊரிலே வாழ்ந்தபோதுதான், மொறிஸின் அச்சகத்திலிருந்த பொறியைக் கொண்டு, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தமது பெருநூலை 1908இல் அச்சிட்டு முடித்தார். ஈழத்துக் கைவினைஞரை ஆய்வுக்குரியோராக உயர்த்திய அப்பணிக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆயின் கைவினைஞனின் உழைப்பு அர்த்தமுள்ளதாக இருந்த உலகை மொறிஸ் எதிர்காலத்திலே தேடினார். குமாரசுவாமி கடந்தகாலத்திலே தேடினார். சாதியமைப்பை இசைவான ஒழுங்காகக் காணும் நிலைக்கு அத்தேட்டம் அவரை இட்டுச் சென்றது. இடைத்தட்டிக்கு இப்பால் நின்றவர்களின் கண்ணால் அவர் கோயிலைப் பார்க்கவில்லை.

இனித் திருகோணமலைக்கு மீள்வோம். 1950இல் கிணறு தோண்டியபோது கோணேசர் கோயிலின் செப்புத் திருமேனிகள் சில வெளிப்பட்டன. மீளக் கட்டிய கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. அன்னியர் அழித்ததை ஒரு மக்கட்கூட்டம் மீளநாட்டியமை நியாயமான உரிமையின் வெளிப்பாடாகும். ஆனால் அதற்கு ஐந்தாண்டுகளின் பின்னர், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் தாழ்த்தப்பட்ட மக்கள் உள்நுழையும் உரிமைக்காகப் போராடவேண்டியிருந்தது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே நிறைவேறியிருந்தும் நிலை அதுவாயிற்று. கோயிலை இழந்த துயரைப் பேசும் நாம், கோயில் இருந்தபோதும் அதனை அடையாதோரின் துயரைப் பேசாதுவிடின், நம் மரபுரிமைக் குரல் பாதிக்குரலாகவே ஒலிக்கும்.

குளொஸ்டரின் சுற்று நடைமண்டபம் இன்று திரைப்படங்களின் களமாகவும் புகழ் பெற்றுள்ளது. 2001இல் வெளியான ஹரி பொட்டர் திரைப்படத்தின் மந்திரப் பள்ளித் தாழ்வாரம் அதுவே. மடம், பேராலயம், காட்சிப் பொருள் என உடைமையும் பயனும் மாறிச் செல்ல, கற்றச்சனின் கைத்திறன் அவை அனைத்தையும் கடந்து நிற்கிறது. பிரெடெரிக் கோட்டை வாயிலின் கயலைச் செதுக்கிய உளியும் அத்தகையதே. அவ்வுளி பாண்டியனுடையதுமன்று, போர்த்துக்கேயத் தளபதியுடையதுமன்று. நாம் முதலில் உரிமை கோரவேண்டியது அதனைப் பிடித்த கைக்கே.