பிடித்த பிறகுதான் ஆட்டம்

“ரக்பியா? ஹெல்மெட் மாட்டிக்கிட்டு அமெரிக்காக்காரன் ஆடுவானே, அதுவா?” உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இதற்கு எத்தனை தடவை பதில் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அது இல்லை. இதில் ஹெல்மெட் கிடையாது, தோளுக்குப் பலகை மாதிரி கவசமும் கிடையாது. ‘நமக்குப் புரியாதுப்பா’ என்று ஒதுங்குகிறவர்களே மழை வந்தால் டக்வொர்த் லூயிஸ் கணக்குக்கு விளக்கம் சொல்லும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடிப்படையை முதலில் முடித்துவிடுவோம். பக்கத்துக்கு 15 பேர், 80 நிமிஷம். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாம், உதைக்கலாம். கையால் முன்னால் எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து அழுத்தினால் ட்ரை, 5 புள்ளி. அதற்குப் பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. பெனால்டி உதைக்கு 3. போதும். கபடி பார்க்க நமக்கு யார் விதிப்புத்தகம் கொடுத்தார்கள்?

பார்க்கத் தொடங்குவதற்கு உலகக் கோப்பையைவிட நல்லது லயன்ஸ், அதாவது பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணியின் சுற்றுப்பயணம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து என்ற நான்கு பேரும் வருஷா வருஷம் ஒருவரையொருவர் முட்டித் தள்ளுகிறவர்கள். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை ஒரே சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று முறை வைத்துப் புறப்படுகிறார்கள். சாலவாக்கம், மானாம்பதி, பெருநகர், உத்திரமேரூர் கபடி செட்டுகள் நாலும் ஒன்றாகி வெளியூர்ப் போட்டிக்குப் போனால் எப்படி இருக்கும்? வண்டி ஏறும் முன்பே ‘எங்க ஊர் ஆள் எத்தனை பேர்’ என்று சண்டை வரும். அங்கேயும் அதேதான். 2025ல் அறிவித்த 38 பேரில் வேல்ஸ்காரர்கள் இரண்டே பேர். குடவோலைக் கல்வெட்டு இருக்கிற ஊர்க்காரன் என்ற முறையில், சீட்டு குலுக்கியிருந்தால் இவ்வளவு மனஸ்தாபம் வந்திருக்காது என்பேன். விருந்து கொடுக்கும் நாட்டுக்கு மறுபடி முறை வர 12 வருஷம். நம் கும்பாபிஷேகக் கணக்கு.

நமக்கு ரொம்பத் தூரத்துச் சங்கதியும் அல்ல. அந்தச் சிவப்புச் சட்டையை முதன்முதலாகப் போட்டது 1950 அணி. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா முடித்துக் கப்பலில் திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கி இலங்கை அணியோடு ஓர் ஆட்டம் ஆடி, 44–6 என்று ஜெயித்துவிட்டுப் போனார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். கபடியில் பாடிப் போனவனைப் பிடித்துவிட்டால் கதை முடிந்தது. ரக்பியில் பிடித்த பிறகுதான் கதையே தொடங்குகிறது. இது தெரியாமல் பார்ப்பவர்கள் ஆள் விழுந்ததும் போனைப் பார்க்கிறார்கள். அடுத்த மூன்று விநாடியில்தான் எல்லாம் நடக்கிறது.

அந்த மூன்று விநாடிக்கு இரண்டு வடிவம் உண்டு: ரக், மால். இரண்டையும் ‘குவியல்’ என்று ஒரே பெயரில் சொல்லும் வர்ணனையாளரை நான் மன்னிப்பதில்லை.

மால் என்றதும் சென்னைக்காரர்களுக்குக் கடை ஞாபகம் வரும், எங்களுக்குப் பெருமாள். பெருமாளையே நினைத்துக்கொள்ளுங்கள், பாதகமில்லை. எங்கள் ஊர்ச் சுந்தரவரதர் புறப்பாட்டில் தோள் கொடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒருவரோடு ஒருவர் ஒட்டி, ஒரே அடியாக வைத்து நகர்வார்கள். மாலும் அப்படித்தான். பந்து வைத்திருப்பவன் விழவில்லை, நிற்கிறான். எதிராளி ஒருவன் அவனைக் கட்டிக்கொண்டான். சொந்த அணிக்காரன் ஒருவனும் வந்து ஒட்டிக்கொண்டான். மால் ஆயிற்று. இனி மொத்தமும் நடக்கும். பந்து கைமாறிக் கைமாறிக் கடைசி ஆளிடம் போய்விடும். முன்னால் தள்ளுகிறவனுக்குப் பந்து எங்கே என்றே தெரியாது. எதிரணி வேண்டுமென்றே அதைச் சரித்தால் பெனால்டி. நகராமல் நின்று பந்தும் வெளியே வராவிட்டால் அடுத்து பந்து எதிரணிக்கு.

ரக் வேறு. பந்து தரையில் கிடக்கிறது. அதன்மேல் அணிக்கு ஒருவராவது காலூன்றி நின்று முட்டுகிறார்கள். ரக் ஆகிவிட்டால் புதிதாக யாரும் கையை விடக் கூடாது, காலால்தான் பின்னுக்கு இழுக்கலாம். வருகிறவன் பின்பக்கமாகத்தான் வர வேண்டும். பக்கவாட்டில் நுழைந்தால் விசில். ஆனால் ரக் ஆவதற்கு முன்னமே, விழுந்தவன்மேல் குனிந்து பந்தைப் பற்றியவன் கையை எடுக்க வேண்டியதில்லை. அவனைத் தூக்கி எறியத்தான் ஓடி வருகிறார்கள். மாலில் எத்தனை பேர் என்பது கணக்கு. ரக்கில் யார் முதலில் வந்தான் என்பது கணக்கு.

2025 ஜூலை 26, மெல்போர்ன், லயன்ஸ்–ஆஸ்திரேலியா இரண்டாவது டெஸ்ட். இங்கே பிற்பகல் 3.30. மைதானத்தில் 90,307 பேர். ஒரு கட்டத்தில் 23–5 என்று முன்னால் போன ஆஸ்திரேலியா, கடைசி நிமிஷத்திலும் 26–24 என்று முன்னால். லயன்ஸ் வீரர் விழுகிறார், ரக். ஆஸ்திரேலியாவின் கார்லோ டிஸ்ஸானோ பந்துமேல் குனிகிறார். லயன்ஸின் ஜாக் மோர்கன் தாழ்வாக வந்து அவரைப் பெயர்த்து எறிகிறார். பந்து வெளியே வருகிறது. ஹ்யூகோ கீனன் ட்ரை. 29–26. மோர்கன் கழுத்தில் மோதினாரா என்று நடுவர் ஆண்ட்ரியா பியார்டியும் மற்றவர்களும் திரையில் திரும்பத் திரும்பப் பார்த்து, இருவரும் ஒரே நேரத்தில்தான் வந்தார்கள் என்று ட்ரையைக் கொடுத்தார்கள். அந்த மோர்கன் யார் தெரியுமா? வேல்ஸ்காரர். முதல் டெஸ்டின் 23 பேரில் இடம் கிடைக்காதவர். இதில் மாற்று வீரராக இறங்கியவர்.

மறுநாள் போனில் சுற்றியது என்ன? கீனன் ஓடிய எட்டு விநாடி. கல்யாண வீடியோவில் தாலி கட்டுவதை வெட்டிவிட்டுப் பந்தியை மட்டும் காட்டுவது மாதிரி. பலத்த மோதலாகப் பொறுக்கிப் பாட்டுப் போட்டு விடுகிறவர்கள், ஹாக்கா நடனம் முடிந்ததும் எழுந்து போகிறவர்கள், ‘இன்விக்டஸ்’ படம் பார்த்துவிட்டு ரக்பி பேசுகிறவர்கள், எல்லாரும் ஒரே பந்திதான். ட்ரையை மட்டும் எண்ணும் விமர்சகர்களுக்கு 1997 டர்பன் டெஸ்டைத்தான் காட்டுவேன். தென்னாப்பிரிக்கா மூன்று ட்ரை, லயன்ஸ் ஒன்றுகூட இல்லை. ஜெயித்தது லயன்ஸ், 18–15. நீல் ஜென்கின்ஸின் ஐந்து பெனால்டி, ஜெரமி கஸ்காட்டின் ஒரு டிராப் கோல், அதற்கும் 3. கூட்டிப் பாருங்கள். ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பற்றி என்னைக் கிளறாதீர்கள். 2025ல் சென்னை புல்ஸ் ரக்பி பிரீமியர் லீக் கோப்பையை வென்றபோது நானும் விசில் அடித்தேன். ஆனாலும் அது பசிக்குப் பஜ்ஜி.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு இந்த லயன்ஸ்மேல் பெரிய பாசம் இல்லை. பிரிட்டிஷ் என்ற பெயர் இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது. எனக்குப் பிடித்தது அந்தப் பயணம்தான். டெஸ்டுகளுக்கு முன்னும் நடுவிலும் உள்ளூர் அணிகளோடு ஆடுவார்களே, அதில் டெஸ்டில் இடம் கிடைக்காதவன் உயிரைக் கொடுத்து ஆடுவான். அந்த ஆட்டங்களைப் பார்த்துவிட்டு டெஸ்டுக்கு வந்தால்தான் மோர்கன் மாதிரி ஆளின் கோபம் புரியும். தொடர் முடிவாகிவிட்ட பிறகு நடந்த சிட்னி டெஸ்டையும் விடாமல் பார்த்தேன். மின்னலுக்குப் பயந்து அரைமணிக்கு மேல் நிறுத்தினார்கள். ஆஸ்திரேலியா 22–12.

டீக்கடையில் ஒரு பெரியவர் உண்டு. ஒரு காலத்தில் கபடியில் கார்னரில் நின்று கணுக்கால் பிடித்தவர். மெல்போர்ன் ரக்கை என் போனில் காட்டினேன்.

“இன்னொரு வாட்டி போடு தம்பி.”

போட்டேன். நாலு தடவை பார்த்தார். கீனன் ஓடுவதற்கு முன்பே ஒவ்வொரு தடவையும் நிறுத்தச் சொன்னார்.

“குனிஞ்சான் சரி. கால அகட்டி ஊனலியே. பேத்துத்தான் எறிவான்.”

அடுத்த பயணம் 2029ல், நியூசிலாந்தில். 2017ல் அங்கே நடந்த டெஸ்டுகள் நம் நேரப்படி மதியம் ஒரு மணி வாக்கில் தொடங்கின. அந்த நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகிறவர் எங்கள் டீக்கடைக்காரர். இப்போதிருந்தே பேசிக்கொண்டிருக்கிறேன்.