வடிவமும் ஆக்கச் செயன்முறையும்: மஹாகவியை முன்வைத்து ஒரு நோக்கு

இலக்கிய வடிவம் என்பது முன்னரே முழுமையுற்றுவிட்ட கருத்தைப் பெய்துவைக்கும் கலம் என்ற எண்ணம் நமது விமர்சனத்திலிருந்து இன்னும் முற்றாக அகலவில்லை. உள்ளடக்கமே வடிவத்தைத் தீர்மானிக்கிறது என வற்புறுத்திய முற்போக்கு விமர்சகர்களாகிய நாமும், தெரிந்துகொண்ட வடிவம் எழுத்தாளனது பார்வைமீது மீளத் தொழிற்படுவதைப் போதியளவு ஆராய்ந்தோமில்லை. அளவெட்டியிற் பிறந்த மஹாகவி (து. உருத்திரமூர்த்தி, 1927-1971) வாழ்ந்த காலத்தில் உரிய கணிப்பைப் பெறாமைக்கு நமது இக்குறைபாடும் ஒரு காரணமாகும்.

1966 இல் நூலுருப்பெற்ற 'குறும்பா', ஆங்கில லிமரிக்கைத் தமிழ் யாப்புக்கு இசைவித்தது. ஐந்து சிற்றடிகள், முதலடியில் அறிமுகமாகும் மனிதன் இறுதியடியிற் கவிழ்க்கப்படவேண்டும். இவ்விடைவெளியில் அவன் வளர்வதற்கு இடமில்லை. வகைமாதிரியாகவே நிற்க இயலும். அங்கதம் கூர்மை பெறுகிறது. அவனை உருவாக்கிய சமூக உறவுகளோ சிரிப்புக்கு அப்பால் நின்றுவிடுகின்றன. இதனைக் கவிஞரின் கருத்துநிலைக் குறைபாடாகக் கொண்டோர் வடிவத்தின் எல்லையைக் கவிஞரின் எல்லையாக மயங்கினர்.

சாதிக் கொடுமையைப் பொருளாகக் கொண்ட 'கண்மணியாள் காதை' (1968) வில்லுப்பாட்டுக்கென அமைந்தது. 1966 ஒக்ரோபர் 21 ஊர்வலமும் 1968 இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமும் நிகழ்ந்த காலம் அது. வில்லுப் பாடுவோன் தனித்திருந்து படிக்கும் வாசகனையன்றிக் கூடியிருக்கும் சபையை விளிக்கிறான். கேட்போர் ஏட்டைப் பின்புரட்ட இயலாதாகையால், வாக்கியம் செவிவழியே உடன் விளங்கவேண்டும். கதை தொடர்ந்து நகரவேண்டும். குறும்பா புறத்தே விட்ட உறவுகள் இங்கு கதையின் உந்துவிசையாகின்றன. வில்லிசை பெரிதும் கோயில் திருவிழாக்களிற் பயின்ற கலையென்பதை நினைக்குமிடத்து, இத்தெரிவின் கூர்மை புலனாகும்.

அ. தாசீசியஸ் மேடையேற்றிய 'கோடை'யிற் பிரச்சினை வேறு. குடியேற்ற ஆட்சிக் காலத்து நாதஸ்வரக் கலைஞரது குடும்பத்தைச் சித்திரிக்கும் இப்பா நாடகத்திற் கவிஞர் தம் குரலிற் பேச வழியில்லை. தமக்கு உவப்பற்ற பாத்திரத்துக்கும் அதற்குரிய நியாயத்தை வழங்கியே ஆகவேண்டும். நடிகனின் மூச்சுக்கும் பேச்சோசைக்கும் செய்யுள் இடங்கொடுக்கவேண்டியிருந்தது. மஹாகவி யாப்பைக் கைவிட்டாரல்லர். அடியைப் பொருளுக்கேற்ப முறித்தார். அவரது செய்யுள் நடையைப் பழமைப் பற்றெனக் கருதியோர் (நம்முள்ளும் அத்தகையோர் இருந்தனர்) அதனை நூலிற் கண்ணாற் படித்தனரேயன்றி, மேடையிற் செவியாற் கேட்டிலர் போலும். மார்க்சியராகத் தம்மை அறிவித்துக்கொள்ளாத இக்கவிஞர், அதிகாரத்துக்கும் கலைஞனது வாழ்வுக்கும் இடையிலான முரண்பாட்டைப் பாத்திரங்களின் மோதலாகவே காணும்படி நாடக வடிவத்தால் நிர்ப்பந்திக்கப்பட்டார்.