‘இணைப்பு’ என்னும் சொல்லும் வலையமைப்புத் தொடர்பின் மாதிரியாக்கமும்: கடலூர் சிப்காட்டை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, உப்பனாற்றுப் பக்கமாக அமைந்துள்ளது சிப்காட் தொழிற்பேட்டை. மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி முதலிய வேதித்தொழில்கள் செறிந்த இடம். 2009ஆம் ஆண்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடுமையாக மாசடைந்தவை எனப் பட்டியலிட்ட 43 தொழிற்பகுதிகளுள் கடலூரும் ஒன்று. பெருமளவில் மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்கள் தொடர் இணையவழிக் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்துவதை உறுதிசெய்யுமாறு, 2014 பிப்ரவரி 5 அன்று அவ்வாரியம் மாநில வாரியங்களுக்கு ஆணையிட்டது. அதன்பின் புகைபோக்கியும் கழிவுநீர் வாயிலும் கணினி வலையமைப்பின் உறுப்புகளாயின. ஆலையின் வலையமைப்பு, தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வலையமைப்பு, கிண்டியில் மாநில வாரியத்தின் வலையமைப்பு, தில்லியில் மத்திய வாரியத்தின் வலையமைப்பு எனக் குறைந்தது நான்கு இங்கே சந்திக்கின்றன. இச்சந்திப்பை மாதிரியாக்குவதற்குரிய தேவைகள் யாவை என்பதே இக்கட்டுரையின் வினா. பொறியியலாளர்க்குரிய வினாவில் தமிழ் ஆய்வாளர்க்கு என்ன வேலை எனக் கேட்கலாம். சிக்கல் சொல்லிலேயே தொடங்குகிறது என்பது என் விடை.

ஒரு சொல், மூன்று பொருள்

‘இணைப்பு’ என்பது இலக்கண நோக்கில் தொழிற்பெயர். இணைக்கும் செயலைக் குறிப்பது. ‘வற்றல்’, ‘பொங்கல்’ போலத் தொழிலாகுபெயராகி, இணைக்கும் கம்பியையும் அதுவே குறிக்கும். ‘இணைப்பு இருக்கிறது’ என்னும்போது செயலும் இல்லை, பொருளும் இல்லை; நிலை மட்டுமே உண்டு. வழக்கில் இம்மயக்கம் இடர் தருவதில்லை. மின் இணைப்புக் கிடைத்த நாளிலிருந்து மின்சாரம் தடையின்றி வந்துகொண்டிருக்கும் என்று எவரும் நம்புவதில்லை. ஆனால் ஒழுங்குமுறை ஆவணத்தில் நிலை வேறு. கருவி வாரியத்தின் வழங்கியோடு இணைக்கப்பட வேண்டும் என எழுதினால், இணைத்த அன்றே அத்தேவை நிறைவேறிவிடுகிறது. மறுநாள் என்ன நிகழ்ந்தது என்பது அவ்வினைமுற்றுக்குள் அடங்காது. ஆங்கில ஆவணங்களும் இம்மயக்கத்துக்கு விலக்கல்ல. தமிழில் சிந்திக்கும்போது அது சற்று வெளிப்படையாகத் தெரிகிறது.

‘வலையமைப்பு’, ‘பிணையம்’ ஆகியவற்றுள் எது பொருந்தும் என நாம் நெடுங்காலம் வாதிட்டுள்ளோம். அவ்வுழைப்பில் ஒரு பகுதியை இணைப்பு, முனை, தடம் ஆகியவற்றைப் பிரித்தறிவதில் செலவிட்டிருக்கலாம் என்றே தோன்றுகிறது.

இருக்கும் மாதிரிகள்

2018 மார்ச்சில் வெளிவந்த ஆர்எஃப்சி 8345 இப்பிரிப்பைத் தெளிவாகச் செய்கிறது. வலையமைப்பு, கணு, இணைப்பு, முடிவுமுனை என்பன அதன் அடிப்படை உறுப்புகள். ஒவ்வொரு வலையமைப்பும் தன்னைத் தாங்கும் மற்றொரு வலையமைப்பைச் சுட்டலாம். இணைப்பு இரு முனைகளுக்கு இடைப்பட்டது, ஒருதிசைப்பட்டது. இருவழித் தொடர்பு வேண்டின் இரண்டு இணைப்புகளை வரைய வேண்டும். பலமுனைத் தொடர்பு வேண்டின் போலிக் கணு ஒன்றை இடையில் வைக்க வேண்டும். முதல் வாசிப்பில் இது வீண் கடுமையாகத் தெரியலாம். சிப்காட்டில் வைத்துப் பார்த்தால் அதன் பயன் புலப்படும். அளவீடு ஆலையிலிருந்து வாரியத்துக்குச் செல்கிறது. தொலைவிலிருந்து அளவுத்திருத்தம் செய்யும் கட்டளை வாரியத்திலிருந்து ஆலைக்கு வருகிறது. முன்னது இயங்கப் பின்னது முடங்கியிருக்கலாம். இருதலை அம்புக்குறியிட்ட ஒற்றைக் கோடு இவ்வேறுபாட்டை மறைத்துவிடும்.

எனினும் அம்மாதிரியில் உரிமையாளர்க்கு இடமில்லை, காலத்துக்கும் இடமில்லை. பிற மாதிரிகள் விரித்துக்கொள்ள வேண்டிய அடித்தளமாகவே அது வகுக்கப்பட்டது என்பதால் இதைக் குறையெனல் முழு நியாயமாகாது. 2013இல் வெளியான வலையமைப்புக் குறிமொழி (என்எம்எல்), ஓர் உறுப்பு எப்போது தொடங்கி எப்போது முடிகிறது எனக் குறிக்கும் ‘வாழ்நாள்’ என்னும் கூற்றைக் கொண்டுள்ளது. நம் தேவைக்கு இதுவே நெருக்கமானது.

சிப்காட் கோரும் தேவைகள்

தரவு மனிதத் தலையீடின்றி, ஒரே நேரத்தில் பல வழங்கிகளுக்குச் செல்ல வேண்டும் என்பது கண்காணிப்பு வழிகாட்டுதல்களின் எதிர்பார்ப்பு. நோக்கம் சரியானதே. ஆயினும் அது தொடர்பை ஒரு குழாயாகவே காண்கிறது. நள்ளிரவில் ஒரு மணிநேரத் தரவு வரவில்லை எனக் கொள்வோம். பகுப்பாய்வுக் கருவி நின்றதா, தரவுப்பதிவி நின்றதா, கைபேசி அலைவரிசை அறுந்ததா, கிண்டி வழங்கி ஏற்க மறுத்ததா? நான்கும் திரையில் ஒரே வெற்றிடமாகத் தோன்றும். இவற்றுள் முதலிரண்டு ஆலையின் பொறுப்பு, மூன்றாவது பிறர் கையில், நான்காவது வாரியத்துடையது. ஆகவே ஒவ்வொரு முனையும் எவருடையது என்பது மாதிரியில் எழுதப்படல் முதல் தேவை. அளந்த நேரமும் வந்துசேர்ந்த நேரமும் தனித்தனியே நிற்றல் அடுத்தது. தரவுப்பதிவி சேமித்துவைத்துப் பின்னர் அனுப்பும் அளவீடு மெய்யானதாகவே இருக்கலாம். ஆனால் அது உடனடி அளவீடு ஆகாது. 2011 டிசம்பர் 30 அன்று கரைகடந்த தானே புயலுக்குப் பின் கடலூர் மாவட்டம் மின்சாரமின்றிக் கிடந்த நாள்களை நினைவுகூர்ந்தால், ‘இணைப்பின்மை’யையும் ஒரு பதிவாக, இடமும் காலமும் குறித்து எழுதும் ஆற்றல் ஏன் வேண்டும் என்பது விளங்கும்.

மற்றொன்று பொறியியல் நூல்களில் வாராதது. 2004 முதல் சிப்காட் பகுதிச் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்னும் குழுவினர், இங்குள்ள ஊர்களில் வீசும் நாற்றத்தைப் பதிவுசெய்தனர். வாளிக்குள் பொருத்திய பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கும் அனுப்பினர். கணினி வலையமைப்பு வருவதற்குப் பத்தாண்டு முன்னரே அமைந்த கண்காணிப்பு அது. இன்று ஈச்சங்காட்டிலோ குடிகாட்டிலோ ஒருவர் இரவில் மூச்சுத்திணறி எழுந்து நேரத்தைக் குறித்துவைத்தால், அக்குறிப்பு ஆலைத் தரவின் வெற்றிடத்தோடு பொருந்துகிறதா எனப் பார்க்க வழியிருக்க வேண்டும். அவர் நோட்டுப்புத்தகத்தைக் கணுவாக ஏற்கத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. ஆர்எஃப்சி 8345இன் சொற்களிலேயே கூறின், அதற்கு ஓர் அடையாளமும் ஒரு முடிவுமுனையும் போதும்.