விறகுத் திருட்டும் பாட்டுத் திருட்டும்: தரவிறக்கம் பற்றிய விவாதம் மீரியபெத்தயிலிருந்து நோக்கப்படுகையில்

திரைப்படங்களையும் பாடல்களையும் இணையத்திலிருந்து அனுமதியின்றித் தரவிறக்கம் செய்தல் பற்றித் தமிழில் நிகழ்ந்துவரும் விவாதம் பெரும்பாலும் இரு நிலைப்பாடுகளுக்குள் அடங்கிவிடுகின்றது. முதலாவது சென்னைப் படமுதலாளிகளின் நிலைப்பாடு. அவர்களது அகராதியில் இச்செயல் திருட்டு, செய்பவர் திருடர். இரண்டாவது இளைஞர் பலரும் முற்போக்காளர் சிலரும் கொண்டுள்ள நிலைப்பாடு. மூலதனம் பூட்டிவைத்ததை மக்கள் திறந்தெடுக்கின்றனர் என்பது அவர்தம் வாதம். சென்ற தசாப்தத்தில் 'தமிழ் ராக்கர்ஸ்' என்னும் தளத்தைச் சுற்றி எழுந்த வீரக்கதைகள், உத்துவன்கந்தைச் சரதியேலைப் பற்றி நம் நாட்டில் வழங்கும் கதைகளை நினைவூட்டுவன. பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுக்கும் கள்வன் எக்காலத்தும் மக்களுக்கு உவப்பானவனே.

இவ்விரு சாராரும் ஒரு விடயத்தில் ஒத்துப்போகின்றனர். கலைப்பொருள் உற்பத்தியாகும் இடம் ஒன்று, நுகரப்படும் இடம் வேறொன்று, எடுக்கும் கை எப்போதும் நுகர்வோனுடையது என்பதை இருவரும் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கின்றனர். ஊவாவின் தோட்டப்புறங்களிலிருந்து நோக்குமிடத்து இந்த எடுகோள் நிலைக்காது. அங்கு பாட்டு இரு திசைகளிலும் எடுத்துச் செல்லப்பட்டுள்ளது. எடுத்தவற்றுள் ஒரு திசையை மட்டுமே சட்டம் குற்றமாகக் கண்டது.

மீரியபெத்த கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள தோட்டம். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையில் அங்கு நிகழ்ந்த மண்சரிவுக்குப் பின்னரே நாட்டின் ஏனைய பகுதியினர் அப்பெயரை அறிந்தனர். 2005 இலும் 2011 இலும் அபாய அறிவித்தல் விடுக்கப்பட்டிருந்தும் மக்கள் அதே லயங்களில் இருக்க விடப்பட்டமை வேறோர் இடத்தில் விரிவாக எழுதப்படவேண்டியது. இங்கு நமக்கு வேண்டுவது அத்தகைய தோட்டமொன்றுக்குச் சினிமாப் பாட்டு வந்துசேர்ந்த வழி.

வானொலி அவ்வழிகளுள் மூத்தது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை பாடல்களை விலையின்றி லயத்து வாசலுக்குக் கொண்டுவந்தது. படங்களின் கதை வேறு. 1972 இல் செயற்படத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கையிலேயே படங்களின் இறக்குமதி இருந்தது. உள்நாட்டுச் சினிமாவை வளர்க்கும் நோக்கில் அந்த ஏற்பாடு நியாயமுடையதே. ஆயின் தமிழகப் படம் நகரத் திரையரங்குக்கே பிந்தி வந்தது; தோட்டத்துக்கு அதனிலும் பிந்தியது. 1977 இன் பின் திறந்துவிடப்பட்ட பொருளாதாரம் ஒலிநாடாவையும் ஒளிநாடாவையும் கொணர்ந்தது. 1983 யூலையில் பதுளையின் தமிழர் கடைத்தெரு தீக்கிரையானபின், நகருக்குப் போய் இரவுக் காட்சி பார்த்துத் திரும்புதல் பலருக்கும் அச்சந்தரும் காரியமாயிற்று. தீபாவளிக்கும் கோவில் திருவிழாவுக்கும் 'டெக்'கை வாடகைக்கு எடுத்து, லயத்து முற்றத்தில் விடியும்வரை மூன்று நான்கு படங்கள் ஓட்டும் வழக்கம் பரவியது. அந்த ஒளிநாடாக்களுள் உரிமம் பெற்ற பிரதி எத்தனை என்று எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் உரிமம் பெற்றதை விற்ற கடை அப்பகுதியில் எங்கிருந்தது?

இன்று அந்த இடத்தில் 'சிப்' இருக்கின்றது. கடைவீதியில் கைத்தொலைபேசிக்கு ரீலோட் செய்யும் கடைக்காரர் தமது கணினியில் படங்களையும் பாடல்களையும் அடுக்கி வைத்திருப்பார். சிப்பைக் கொடுத்துச் சிறுதொகை செலுத்தினால் நிரப்பித் தருவார். தரவிறக்கம் செய்பவர் ஒருவர். அதனைக் கேட்போர் பல லயங்களில் உள்ளோர். வலையமைப்பின் நிலை அத்தகையது. 2021 இல் இதே பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ என்னும் கிராமத்து மாணவர் இணையவழிப் பாடத்துக்காகக் காட்டைக் கடந்து மலையுச்சிப் பாறைக்கு ஏறிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. பாடத்துக்கே பாறை ஏறவேண்டிய இடத்தில், மாதச் சந்தாவும் கடனட்டையும் கேட்கும் முறையான சேவைகளைச் சுட்டி, 'ஏன் அங்கு வாங்கவில்லை' என்று வினவுதல் நகைப்புக்குரியது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் உரிமை மீறலுக்கு ஐந்து இலட்சம் ரூபா வரையான தண்டமும் ஆறு மாதச் சிறையும் விதித்தது. 2021 இல் நிர்ணயிக்கப்பட்ட 1000 ரூபா நாட்சம்பளத்தின்படி அத்தண்டம் ஒரு தொழிலாளியின் ஐந்நூறு நாள் உழைப்பாகும்.

இவ்விடத்து மார்க்ஸ் 1842 இல் 'றைனிஷ் சைற்றுங்' பத்திரிகையில் எழுதிய விறகுத் திருட்டுச் சட்டம் பற்றிய கட்டுரைகளை நினைவுகூர்தல் பொருத்தமுடைத்து. றைன் மாகாணத்துக் காடுகளில் உதிர்ந்து கிடந்த சுள்ளிகளைப் பொறுக்குதல் ஏழைகளின் பரம்பரை வழக்கமாயிருந்தது. காட்டுடைமையாளரின் நலன்கருதி மாகாண சபை அதனையும் திருட்டென வகைப்படுத்த முற்பட்டது. வழக்கத்தின்வழி வந்த உரிமையைச் சட்டம் ஒரே சொல்லால் குற்றமாக்குவதை மார்க்ஸ் அங்கு அம்பலப்படுத்தினார். பொருளாதாரப் பிரச்சினைகளின்பால் தம்மை முதன்முதலிற் செலுத்தியவற்றுள் அவ்விவாதமும் ஒன்றெனப் பின்னர் 1859 இல் அவரே குறித்துள்ளார். தோட்டத்தில் வாழ்ந்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. தலைமுறைகளாகத் தாம் கைபடச் செய்து வளர்த்த நிலத்தில் நிற்கும் மரமும் தம்முடையதன்று என்பதை விறகுக்கட்டுடன் வரும் ஒவ்வொரு பெண்ணும் அறிவாள்.

சிப் நிரப்புவோனும் சுள்ளி பொறுக்குவோனும் ஒருவனே என்று கூறிவிடலாமா? நம் தோழர் பலர் அவ்வாறு கூறுகின்றனர். நான் உடன்படவில்லை. உதிர்ந்த சுள்ளி இயற்கையின் கழிவு; திரைப்படமோ மனித உழைப்பு. பாட்டைப் படியெடுக்கையில் மூலம் குறைவதில்லை என்பது மெய். ஆயின் அதனை ஆக்கியவனின் வருவாய் குறையலாம். பெருமுதலாளியின் இழப்புக்கு நான் கண்ணீர் விடப்போவதில்லை. அவருக்குச் சட்டமன்றங்கள் இருக்கின்றன. இந்தியாவில் 2023 இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம், திரையரங்கில் படத்தைக் களவாகப் பதிவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும், தயாரிப்புச் செலவின் ஐந்து விழுக்காடு வரை தண்டமும் விதிக்க வகைசெய்துள்ளது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் பங்கான உரிமைத்தொகையை முற்றாக எழுதிக்கொடுத்துவிட இயலாதெனும் பாதுகாப்போ 2012 இல்தான் அந்நாட்டில் வந்தது. அதுவரை அவர்களிடமிருந்து எடுத்தவர் எவர்? சிப் கடைக்காரர் அல்லர்.

தரவிறக்கத் தளங்களும் தருமச் சத்திரங்கள் அல்ல. சூதாட்ட விளம்பரங்களும் நச்சு நிரல்களும் மொய்க்கும் பக்கங்கள் அவை. பார்வையாளனின் கவனத்தை விற்றுப் பிழைக்கும் அவ்வணிகத்தைப் பொதுவுடைமையின் முன்னோட்டமெனக் கொண்டாடுதல் அரசியற் சோம்பல். இதனினும் முக்கியமானது வேறொன்று. மலையக இளைஞர் சிலர் தம் சொந்தப் பணத்தில் பாடல் பதிந்து இறுவட்டாகவோ குறும்படமாகவோ வெளியிடுகின்றனர். அதுவும் அதே கடையில் அதே தொகைக்கு அதே சிப்பில் ஏறுகின்றது. சென்னைப் படத்துக்கு அது தூசி. இவர்களுக்கு அடுத்த பாடலைப் பதிவதா விடுவதா என்னும் பிரச்சினை. எடுப்பவனின் வறுமையை மட்டும் அளக்கும் அறவியல், எடுக்கப்படுவோனும் வறியவனாயிருக்கும் இச்சந்தர்ப்பத்தில் வாயடைத்து நிற்கின்றது.

எதிர்த்திசையில் நிகழ்ந்த எடுப்பு இதனினும் பழையது. தெம்மாங்கு, தாலாட்டு, ஒப்பாரி, காமன்கூத்துப் பாட்டு, பெரட்டுக் களத்தில் ஒலித்த தப்பு முதலியன எவரது சொத்தாகவும் பதிவுறாதவை. சி. வி. வேலுப்பிள்ளை போன்றார் அவற்றைத் தொகுத்தது பெரும்பணி. அவரிலாவிடில் பல பாடல்கள் இன்று நம்மிடம் இரா. எனினும் நாட்டார் பாடற்றொகுதிகள் பொதுவாகத் தொகுத்தவரின் பெயரையே தாங்குவன. பாடிய பெண்ணின் பெயரை அட்டையில் காண்பதில்லை. ஒலிப்பதிவுக் கருவி சட்டைப்பைக்குள் வந்தபின் இவ்வெடுப்பு விரைவுற்றது. காமன்கூத்தைப் படம்பிடித்து இணையத்திலேற்றி விளம்பர வருவாய் பெறுவோர்க்கு ஆடியவர் எவரும் அனுமதிப் பத்திரம் எழுதிக் கொடுத்ததில்லை. மீரியபெத்தயில் மண்மேட்டின் அருகில் பெண்கள் அழுத அழுகையும் நாடெங்கும் ஒளிபரப்பாயிற்று. அந்த ஒப்பாரிக்கு உரிமையாளர் யார் என்ற வினா அப்போது எழவில்லை.

'எஞ்சாய் எஞ்சாமி' என்ற பாடலை இங்கு எடுத்துக்கொள்ளலாம். 2021 மார்ச்சில் இணையத்தில் வெளிவந்து கோடிக்கணக்கானோர் கேட்ட இப்பாடலின் பின்னணியில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாள் இருப்பதை அறிவு கூறியுள்ளார். 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தே கால் இலட்சம் பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. (அவ்வொப்பந்தத்துக்கு ஐம்பதாண்டு நிறைய ஒரு நாள் இருக்கையில் மீரியபெத்த சரிந்தது.) நாடு கடந்துபோன அம்மக்களின் நினைவு அவ்வாறு உலகச் சந்தைக்கு வந்தது. வந்தபின் நிகழ்ந்ததும் நாமறிந்ததே. 2021 இல் பெயர்பெற்ற இசையிதழொன்றின் அட்டையில் அறிவு இடம்பெறாமை கண்டனத்துக்குள்ளாயிற்று. 2022 இல் சென்னையின் சதுரங்க ஒலிம்பியாட் மேடையில் அவரின்றிப் பாடல் ஒலித்தபோது, ஆக்கத்தில் யார் பங்கு எவ்வளவு என்ற தர்க்கம் பகிரங்கமாயிற்று. 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், இப்பாடலால் தமக்கோ ஏனைய கலைஞர்க்கோ ஒரு காசும் கிட்டவில்லையென அறிவித்தார். அவர்களுக்கிடையிலான வழக்கில் தீர்ப்புரைத்தல் என் நோக்கமன்று. முறையான தளங்களில் முறையாகக் கேட்கப்பட்ட பாட்டு இது என்பதே மனங்கொள்ளத்தக்கது. தரவிறக்கத் திருடன் எவனும் இடையில் இல்லாமலே ஆக்கியோன் வெறுங்கையனாகலாம்.

தோட்டத்து வழக்கில் 'பேர்' என்பது ஒரு நாட்சம்பளத்தையும் குறிக்கும். நிறுவை குறைந்தால் 'அரைப்பேர்' விழும். பெயர் பதிவதும் கூலி கிடைப்பதும் ஒரே சொல்லாகிய அச்சூழலில் நின்று பார்த்தால், அட்டையில் பேர் விடுபடுவதும் கணக்கில் பேர் விடுபடுவதும் இருவேறு மனக்குறைகள் அல்ல.

படியெடுத்தலையே ஐயுறுவோர்க்கு ஒன்று கூறவேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியற்ற சுவடிகள் மீளவேயில்லை. மீரியபெத்தயில் மண்ணுள் சென்ற வீடுகளோடு கல்யாணப் படங்களும் சென்றன. உறவினர் வீட்டில் படியிருந்தோர்க்கு முகங்கள் எஞ்சின. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் இந்தப் பாடத்தின்மேல் எழுந்தது. இச்சஞ்சிகையின் வாசகருள் அதிலிருந்து தரவிறக்கம் செய்யாதவர் இரார். உரிமையுடையோரின் இசைவைக் கேட்டுப் பெறுதல், எடுத்ததை விலையின்றி வைத்தல், ஆக்கியோன் பெயரை முன்னே இடுதல் ஆகிய மூன்றும் அங்கு நடைமுறையாயிருப்பது, நாம் விவாதிக்கும் அறவியல் கைகூடாத கனவன்று என்பதற்குச் சான்று.

சட்டத்தின் பக்கமும் சிறிது நோக்கலாம். மேற்கூறிய 2003 ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டார் வழக்காறுகளுக்கும் பாதுகாப்பளிக்கின்றது. வணிக நோக்கிற் பயன்படுத்துவோர் கட்டணம் செலுத்தி அனுமதி பெறவேண்டும். அனுமதிக்கும் உரிமை அமைச்சர் தீர்மானிக்கும் அதிகாரியிடம் உளது. சேரும் பணம் பண்பாட்டு அபிவிருத்திக்குரியது. பாடிய சமூகத்தின் கையில் ஏதும் சேரவேண்டுமென்ற ஏற்பாட்டை அதிற் காணோம். காட்டுடைமையாளரின் இடத்தில் அரசு வந்து நிற்கின்றது; சுள்ளி பொறுக்கியவள் நின்ற இடத்திலேயே நிற்கின்றாள்.

என் கலாநிதிப்பட்ட ஆய்வுக்காக அப்பகுதித் தோட்டமொன்றில் ஓர் அம்மாயியிடம் பதினொரு பாடல்களைப் பதிந்தேன். முடிந்ததும், "தம்பி, இத எம் பேரனோட போனுல ஏத்திக் குடுத்துட்டுப் போங்க" என்றார். பல்கலைக்கழக விதிகளையும் ஆய்வு முடியும்வரை பதிவை வெளியிடலாகாதென்பதையும் நான் விளக்கத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாடுனது நாந்தானே?" என்றார். அன்றே ஏற்றிக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது கடைவீதிக் கடையின் கணினியில் அவை இருந்தன. எவரோ பேரனின் சிப்பிலிருந்து படியெடுத்திருந்தனர். கோப்புகளின் தலைப்பில் அம்மாயியின் பெயர் இருந்தது. என் ஆய்வேட்டில் அவர் 'தகவலாளி 7'.